கேத்தல் சின்னத்தில் நின்ற டொக்டர்

தேயிலைக் கொழுந்து லொறிக்குள் அந்தக் குழந்தை பிறந்திராவிட்டால் நான் தேர்தலில் நின்றிருக்கவே மாட்டேன்.

தெரணியகலைக்கு மேலே, தேயிலையும் ரப்பரும் கலந்த மலைப்பக்கத்தில் அப்போது அரசாங்க டொக்டராக இருந்தேன். தோட்டத்தின் மேல் டிவிசனுக்குப் போகும் பாதை பெருமழைக்கு அறுந்துவிடும். அன்றும் அப்படித்தான். வலி எடுத்த பெண்ணை லொறியில் ஏற்றிக்கொண்டு வரும்போது வளைவில் சக்கரம் புதைந்துவிட்டது. ஆள் வந்து சொன்னதும் ஓடினேன். கொழுந்துச் சாக்குகளின் மேல் அவளைக் கிடத்தி, இரண்டு பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடிக்க, பிரசவம் பார்த்தேன். பெண் குழந்தை. அது வீறிட்டதும் லொறிக்காரர் சந்தோஷத்தில் ஹோர்னை விடாமல் அடித்தார்.

எனக்கும் சந்தோஷம்தான், அதைவிட ஆத்திரம். சேறு பூசிய சேலையோடு நேராகப் பிரதேச சபைக்குப் போனேன். சபைத் தலைவர் சிரித்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னார்: "டொக்டர் நோனா, நீங்க மருந்து குடுங்க. பாதை எங்க வேலை."

"அப்படின்னா அந்த வேலையையும் எனக்கே குடுத்துடுங்க" என்றேன், நானும் சிங்களத்தில்.

வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். ஆனால் நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்புவதற்குள் பேச்சு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. வாசலில் மேல் டிவிசன் பெண்கள் கூடி நின்றார்கள்.

"டொக்டரம்மா எலெக்சன்ல நிக்கப் போறீங்களாமே! நெசமாங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். "ஆமா" என்று வந்தது.

என் கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். "அரசாங்க வேலைய விடணுமே, யோசிச்சியா?" என்றார்.

"யோசிச்சா நிக்க மாட்டேன்."

அவர் இரண்டு மொழியிலும் எனக்குப் பேச்சு எழுதிக் கொடுக்க உட்கார்ந்துவிட்டார்.

சுயேச்சைக் குழுவாக நின்றோம். கிடைத்த சின்னம் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல். கணவர் தலையில் கை வைத்தார். பெண்களோ குதித்தார்கள். மறுநாள் காலை மேலே போனால், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்களில் எல்லாம் கரி படிந்த கேத்தல்கள் தொங்குகின்றன!

முதல் கூட்டம், காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பிரட்டுக்களத்தில். கீழ்க் கிராமத்துச் சிங்களவர்களும் வந்திருந்தார்கள். கையில் இருந்த தாள் வியர்வையில் நனைந்து, ஒரு வரியும் தெரியவில்லை. சட்டென்று கேட்டேன்: "இங்க யாருக்கெல்லாம் நான் பிரசவம் பார்த்திருக்கேன்?" சிங்களத்திலும் கேட்டேன்.

ஒரு கை உயர்ந்தது. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக. பிறகு களம் முழுக்கக் கைகள், வளையல் சத்தம், சிரிப்பு. பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். அதற்குமேல் பேச்சு எதற்கு?

வாக்குக் கேட்கப் போன இடத்தில் எல்லாம் நாக்கை நீட்டினார்கள், புண்ணைக் காட்டினார்கள். ஒரு பெரியவர், "ஓட்டு ஒங்களுக்குத்தாங்க. மொதல்ல இந்த இருமலுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றார். ஸ்டெதஸ்கோப் இல்லாமல் போனது என் தவறு. மறுநாளிலிருந்து கழுத்தில் மாட்டிக்கொண்டே போனேன்.

முடிவு வந்த காலையில் வீட்டில் இருக்க முடியாமல் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். கீழேயிருந்து முச்சக்கர வண்டி ஒன்று அலறிக்கொண்டு ஏறியது. உள்ளே தொங்கியபடி கணவர்! பாடம் நடத்தும்போதுகூடக் குரல் உயர்த்தாத மனிதர், "ஜெயிச்சிட்டோம்!" என்று கத்தினார்.

எங்கள் குழுவில் தேறியது நான் ஒருத்திதான். முதல் அமர்விலேயே பாதையைக் கேட்டேன், தோற்றேன். அடுத்ததிலும் கேட்டேன். கீழ்க் கிராமத்து உறுப்பினர் ஒருவர், "எங்க ஜனங்களும் அந்தப் பாதையிலதான் நடக்கிறாங்க" என்று எழுந்து என் பக்கம் நின்றதும் சபையின் போக்கே மாறியது. ஒருவழியாகப் பாதைக்குக் கொங்கிரீட் விழுந்தது.

முதல் பஸ் மேல் டிவிசனுக்கு ஏறிய அன்று நானும் அதில் இருந்தேன். லயத்துப் பெண்கள் நல்ல சேலை கட்டி, பூ வைத்து, முண்டியடித்து ஏறினார்கள்.

"எல்லாரும் எங்க போறீங்க?" என்று கேட்டேன்.

"எங்கயும் இல்லீங்க டொக்டரம்மா. டவுன் வரைக்கும் போயிட்டு இதே பஸ்லயே திரும்பி வரப் போறோம்!"