அக்கா கடை லோங்காங்கில் எதிரேறிய அலை

அலை எதிர்த்திசையில் போனது. பார்த்த இடத்திலேயே துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் என் அக்கா தோசை மாவு அரைத்து விற்கிறாள். அன்று காலை பெய்த மழையில் கடைவாசல் லோங்காங், அதாவது கால்வாய், நிரம்பி, தண்ணீர் கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையைத் தாண்டி உள்ளே புகுந்து, பெரிய கிரைண்டரின் அடியில் இருந்த மோட்டாரைத் தின்றுவிட்டது. இந்த வருடத்தில் அது இரண்டாவது மோட்டார். மதியத்துக்குள் தண்ணீர் வடிந்து, கால்வாயில் கடலை நோக்கிச் சோம்பலாக ஊர்ந்துகொண்டிருந்தது. கடையின் கீழ்க்கோடியில் குனிந்து அக்கா ஒரு வாளியை அமிழ்த்தினாள். அங்கிருந்து ஒரு சின்ன அலை கிளம்பியது. ஓட்டத்தை எதிர்த்து ஏறி, என்னைக் கடந்து, ஓட்டத்துக்கு மேல்பக்கம் இருக்கும் சீனரின் மீக்கடை, அதாவது நூடுல்ஸ் கடை, வரைக்கும் போயே போய்விட்டது!

பல்கலைக்கழகத்தில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியவள் நான். திறந்த வாய்க்காலில் ஓட்டம் அலையைவிட மெதுவாக இருந்தால், கீழே இருக்கும் தடை மேலே நீர்மட்டத்தை உயர்த்தும். அன்று எனக்கு அது வெறும் சூத்திரம். இப்போது அது கண்ணெதிரே நடந்து போனது.

"அக்கா, மீக்கடைக்காரர் காரணம் இல்ல. கீழதான் என்னமோ இருக்கு!"

"ஆமா, கீழ கடல் இருக்கு. தொடப்பத்த எடு மொதல்ல."

மீக்கடை வந்து மூன்று வருடம். தண்ணீர் ஏறத் தொடங்கியும் மூன்று வருடம். அக்காவுக்கு அது போதும். மீந்த மீயை அவர்தான் கால்வாயில் கொட்டுகிறார் என்று ஒவ்வொரு மழைக்கும் சண்டை. அவரும் ஒவ்வொரு முறையும் கரண்டியை ஆட்டி, "புக்கான் சாயா லா!", நானில்லை என்று கத்துவார்.

இந்த முறை அக்கா அவரிடம் போகவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "மாக் மண்டின் ஃபேக்டரியில சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்ட்டிருக்காங்க. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். இன்னொரு மோட்டார் போற மாதிரி இருந்தா நான் கடைய மூடிட்டுப் போயிடுவேன்டீ," என்றாள். யாரையும் கேட்காமல், யாருக்கும் பயப்படாமல் அவள் தனியாக நடத்தும் கடை அது. கிரைண்டரை மேடையில் ஏற்றலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏற்றினால், அந்தக் கல்லைச் சாய்த்து மாவை வழிக்க அவளுக்கு எட்டாது.

மறுநாள் சனிக்கிழமை. நான் சாலை வடிவமைக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வெள்ளத்தைக் கேட்டு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்திருந்தேன்; சனி, ஞாயிறு எப்போதும் என்னுடையவை. அளவுநாடா, ஒரு நீளமான பிரம்பு, கைப்பேசி, இவற்றோடு சந்து முழுக்கக் குந்தி எழுந்தேன். பத்தடிக்கு ஒரு குறுக்குவெட்டு: அகலம், ஆழம், அடியில் எவ்வளவு சேறு. இவற்றைக் கணினியில் வரிசையாகக் கோத்து, மேல் முனையில் மழைநீரை விட்டு, கீழ் முனையில் கடல்மட்டத்தைக் கொடுத்தால், நடுவில் ஒவ்வோர் இடத்திலும் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்று அந்தக் கணினி மாதிரி, அதாவது மாடல், சொல்லும்.

சொன்னது. ஞாயிறு மதியம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். திரையில் சந்து முழுக்க நீலம்.

"அக்கா, இன்னிக்குக் காலையில ஆயர் பாசாங் வந்தப்போ கடையில தண்ணி இடுப்புக்கு மேல!"

அக்கா தன் செருப்பைத் திருப்பிக் காட்டினாள். காய்ந்த செருப்பு. "எந்தக் கடையில லா?"

ஆயர் பாசாங்குக்கு நான் பார்த்த கடல் ஏற்ற அட்டவணை, கடல் இறங்கக்கூடிய மிகத் தாழ்ந்த மட்டத்திலிருந்து எண்ணுகிறது. நில அளவையோ சராசரிக் கடல்மட்டத்திலிருந்து எண்ணுகிறது. இரண்டையும் ஒன்றென்று எடுத்து, வெயிலடிக்கும் ஒரு காலையில் ஜார்ஜ் டவுனையே மூழ்கடித்திருந்தேன். அக்கா அதை வாடிக்கையாளர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கிறாளே, அதுவே லாபம் என்று திரும்பி வந்து திருத்தினேன்.

திருத்திய பிறகு வேறு தகராறு. போன வெள்ளத்தின் சேற்றுக்கோடு அக்கா கடைச் சுவரில் அப்படியே இருந்தது. மாதிரி அதைவிட ஒரு சாண் தாழ்வாகத் தண்ணீரை நிறுத்தியது. இந்த இடத்தில் என் தொழிலில் எல்லாரும் ஒருமுறையாவது செய்கிற ஒரு திருட்டுத்தனத்தை நானும் செய்தேன். கால்வாய்ச் சுவரின் சொரசொரப்புக்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். அதைக் கூட்டினால் ஓட்டம் தேங்கி மட்டம் ஏறும். கூட்டினேன். இன்னும் கூட்டினேன். மாதிரியின் தண்ணீர் அந்தச் சேற்றுக்கோட்டைத் தொட்டபோது, என் கணக்குப்படி அந்தச் சிமெண்டுக் கால்வாய் முழுக்கப் புதர் மண்டிக் கிடந்தது.

எனக்கே வெட்கமாகிவிட்டது. எண்ணைப் பழையபடி வைத்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை மற்ற கடைகளின் சேற்றுக்கோடுகளையும் அளக்கப் போனேன். மீக்கடைக்காரர், திட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கரண்டியை எடுத்தார். சுவரைக் காட்டச் சொன்னதும் பெஞ்சை நகர்த்தித் தானே காட்டினார். அவர் கோடும் அக்காவின் கோடும் ஏறக்குறைய ஒரே மட்டம். அக்காவுக்குக் கீழே இருக்கும் மெத்தைக் கடையிலோ, கோடு ஒரு சாண் இறக்கம்!

இரண்டு கடைக்கும் நடுவில் இருப்பது ஒன்றே ஒன்று. அரிசி மூட்டையைத் தள்ளுவண்டியில் கொண்டுவரக் கால்வாய்மேல் போட்ட கான்கிரீட் பலகை. அதன் அடியில் நான் அளக்கவே இல்லை. மேலே உள்ள அளவுதானே அங்கேயும் இருக்கும் என்று விட்டிருந்தேன். அஞ்சடியிலேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, அந்த ஓரிடத்தில் மட்டும் கால்வாயைப் பாதி அடைத்து ஓடவிட்டேன். மூன்று சுவரின் கோடுகளும் ஒரே ஓட்டத்தில் பொருந்தின. நான் கத்திய கத்தலில் மெத்தைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கைப்பேசியைப் பிரம்பின் நுனியில் கட்டி, விளக்கைப் போட்டு உள்ளே விட்டேன். படத்தில் ப்ளைவுட் பலகைகள் தெரிந்தன, குறுக்கே ஒரு முட்டுக்கட்டை, அதில் மாட்டிய சாக்கும் பிளாஸ்டிக்கும். கான்கிரீட் ஊற்றும்போது தாங்குவதற்கு அடியில் கட்டும் பலகைகள் அவை. இறுகியதும் கழற்றிவிட வேண்டும். யாரோ கழற்றவில்லை.

அக்கா படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இத யாரு போட்டது?"

மூன்று வருடத்துக்கு முன், இறுதியாண்டு மாணவியாக, இரண்டு நண்பர்களைக் கூட்டி வந்து, "கான்ட்ராக்டர் எதுக்கு, நானே போடறேன்" என்று போட்டவள் நான்தான். என் வாழ்க்கையின் முதல் கான்கிரீட். இறுகுவதற்குள் பரீட்சை வந்துவிட்டது.

"இஞ்சினியரு," என்றாள் அக்கா. பிறகு நேராக மீக்கடைக்குப் போய் ஏதோ பேசிவிட்டு, அவரையும் ஒரு கடப்பாரையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் இழுத்தோம். முட்டுக்கட்டை பிடுங்கி வந்ததும் தேங்கிய தண்ணீர் மடமடவென்று இறங்கியது. ஊறிப்போன பலகையை அவர் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துச் சந்துக்கே கேட்கும்படி, "புக்கான் சாயா லா!" என்றார். அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடைப்பு இல்லாமல் மாதிரியை ஓட்டினேன். போன முறை பெய்த அதே மழை, அதே கடல்: வாசலுக்கு நான்கு விரல் கீழே தண்ணீர் நின்றது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. இன்னும் பலத்த மழையைக் கடலின் உச்ச ஏற்றத்தோடு சேர்த்து விட்டேன். வாசலைத் தாண்டிவிட்டது.

மறைக்காமல் அக்காவிடம் சொன்னேன். அவள் கிரைண்டர் கல்லைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"வரட்டும். மழ ஆரம்பிச்சு எவ்ளோ நேரத்துல வாசப்படி ஏறும்? அத சொல்லு."

"எதுக்கு?"

"மோட்டார்ல நாலு போல்ட்டு. கழட்டி மேச மேல வைக்க எனக்கு அரை மணி நேரம் போதும். அரை மணிக்கு முன்னாடி நீ சொல்லிட்டா மோட்டார் பொழச்சுக்கும், நானும் இங்கயே இருந்துடுவேன். உன் கம்ப்யூட்டருக்கு அது தெரியுமா?"

தெரியாது. இதுவரை என் மாதிரியில் மழை மாறாமல் ஒரே அளவில் பெய்தது, கடல் ஒரே மட்டத்தில் நின்றது. எவ்வளவு உயரம் என்று மட்டும்தான் கேட்டிருந்தேன். எப்போது என்று கேட்கவே இல்லை. எவ்வளவு நல்ல கேள்வி! இரண்டு நாளாக வேறு நினைப்பே இல்லை.

மாசக் கடைசிக்குப் பதினெட்டு நாள் இருக்கிறது. ஃபேக்டரிக்கு அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. கடல் மிக உயர்ந்து வரும் அமாவாசை ஏற்றமும் அதற்குள் வருகிறது. கால்வாய்ச் சுவரில் மூன்று இடத்தில் அளவுப்பட்டை ஒட்டிவிட்டேன். மேல் பட்டையை மீக்கடைக்காரர் படிப்பார், நடுப்பட்டையை அக்கா, கடைசியை நான். மழை விழுந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூவரும் எழுதுவோம். அந்த எண்களை வைத்து, மழையும் கடலும் நேரத்தோடு ஏறி இறங்கும் புதிய மாதிரியை ஓட்டி, அக்கா கேட்ட அரை மணி நேரம் அதிலிருந்து கிடைக்கிறதா என்று பார்க்கப்போகிறேன்.