மௌன நேரத்து ஈரம்

ஹீட்டரின் மேல் யாரோ நனைந்த கம்பளிக் கோட்டைக் காயப்போட்டிருந்தார்கள். அந்த நாற்றம் ஏறியதும் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

டொரொன்டோவில், எங்கள் குவேக்கர் கிறிஸ்தவப் பள்ளியின் பழைய மாணவர் ஒன்றுகூடல். அங்கே வழிபாடு என்றால் மௌனம்தான். மனம் உந்தியவர் மட்டும் எழுந்து பேசுவார். இன்றும் அப்படியே ஒவ்வொருவராக எழுந்து வேலை, விவாகரத்து, பேரப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பள்ளியில் சேர்ந்தபோது எனக்கு ஏழு வயது. ஊரிலிருந்து டொரொன்டோவின் சென் ஜேம்ஸ் ரவுண் குடியிருப்புக்கு வந்து மூன்று வாரம். ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. மௌன நேரத்தில், பக்கத்தில் இருந்த மேல்வகுப்புத் தமிழ்ப் பிள்ளை மாலினி அக்காவின் காதில் சொன்னேன்.

"அக்கா, எனக்கு மூத்திரம் வருகுது."

"எழும்பினா இங்கிலீசில ஏதும் சொல்ல வேணும். கதைக்காம இரு."

இருந்தேன். சூடாக இறங்கி, கம்பளிப் பாவாடையை நனைத்து, மெழுகு பூசிய மரத்தரையில் ஓடியது. அந்த வாங்குப் பலகையில் இருந்தவர்கள் சத்தமில்லாமல் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். ஆசிரியை கண்களை மூடிக்கொண்டார். மணி அடிக்கும்வரை அந்த ஈரத்திலேயே இருந்தேன்.

இன்று மாலினி அக்கா எழுந்தாள். ஒரு சின்னப் பிள்ளை அடக்க முடியாமல் பாவாடையை நனைத்துவிட்டபோது ஒருவரும் சிரிக்கவில்லை, மௌனத்தாலேயே அவளை அணைத்துக்கொண்டோம், அன்பை அன்றுதான் கற்றேன் என்று ஆங்கிலத்தில் உருகிவிட்டு அமர்ந்தாள். பலர் கண் துடைத்தார்கள்.

எழுந்தேன்.

"அக்கா, எனக்கு மூத்திரம் வருகுது."

அந்த மண்டபத்தில் என்னைத் தவிர தமிழ் விளங்கிய ஒரே ஆள், தன்னையறியாமல் தரையிலிருந்து கால்களைத் தூக்கிக்கொண்டாள்.