சார்தான் நிறுத்தினார்

பாய்லர்காரருக்குத் தன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வராது. சொந்த ஊரில் அதை நல்ல குணம் என்றார்கள். பிழைக்க வந்த தேசத்தில் அதுவே காலை வாரிவிட்டது.

வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். விசா முடிவதற்குள் வேறு வேலை கிடைத்தாக வேண்டும். இல்லையென்றால் பள்ளி இறுதி ஆண்டில் இருக்கும் மகளைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். போட்ட விண்ணப்பமெல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. கடைசியில் ஒரே ஓர் ஆலை கூப்பிட்டது.

மனைவி சமையலறை மேஜையையே இண்டர்வியூ அறையாக்கினாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "அன்னைக்குப் பிரஷர் எகிறினப்போ பாய்லரை நிறுத்தினது யாரு?"

"சார் சொல்லிக் கொடுத்தபடி..."

"உங்க சார் அன்னைக்கு லீவு! நான்தான்னு சொன்னா வாய் வெந்தா போயிடும்?"

"நான்தான்" என்றார், திருடிவிட்டு ஒப்புக்கொள்கிறவரைப் போல.

"இன்னும் சத்தமாப்பா!" பக்கத்து அறையிலிருந்து மகள் சிரித்தாள். ஒருவழியாகத் தேறினார் என்றுதான் வீட்டில் நம்பினார்கள்.

கண்ணாடிச் சுவர் வைத்த அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதே கேள்வி வந்தது. பழைய ஆலையில் மேலதிகாரியை இத்தனை வருஷம் 'சார், சார்' என்று பழகிய நாக்கு அவரை நட்டாற்றில் விட்டது.

"எங்க சாரோட வழிகாட்டல்தாங்க. அவர் இல்லைன்னா என்னால ஒண்ணும் முடிஞ்சிருக்காது."

நடுவில் இருந்த அம்மாள் நிமிர்ந்தாள். "அவர் இப்போ எங்க வேலை பாக்குறாரு?"

"அவரும் தேடிட்டுதான் இருக்காருங்க."

"அவர் நம்பர் கிடைக்குமா?"

முடியாது என்று சொல்லத் தெரிந்தவராக இருந்தால் அவருக்கு ஏன் இந்தக் கதி? கொடுத்தார். அந்த அம்மாள் சரியாகக் குறித்துக்கொண்டாளா என்று எட்டியும் பார்த்தார், பாவி மனுஷன்.

மறுவாரம் சார் போனில் வந்தார். பாய்லர்காரர் பழக்கதோஷத்தில் எழுந்து நின்று, வீட்டுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"தம்பி, வேலை கெடச்சிடுச்சு! எல்லாம் உங்க புண்ணியம். அந்தப் பிரஷர் விஷயத்தைக் கேட்டாங்க, நான்தான் நிறுத்தினேன்னு சொல்லிட்டேன். தப்பா நினைக்கலையே?"

மனைவி அவர் வாயையே பார்த்தாள். இப்போதாவது ஒரு வார்த்தை வராதா என்று.

"சேச்சே, இதுல என்ன சார் இருக்கு? நீங்க நிறுத்தின மாதிரிதானே" என்றார்.

பக்கத்து அறையில் மகள் புத்தகத்தை மூடிவைத்தாள். மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கழுவி வைத்தாள்.

"அலமாரி மேல இருக்கிற பெட்டியை இறக்குங்க" என்றாள்.

இறக்கினார்.