பெய்ச்சுன் சேர்த்த ஒரு நிபந்தனை

ரூஹெங் வேலையை விட்டுப் போனது படகுத் திருவிழா விடுமுறைக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. சிஞ்சு நகரத்து மென்பொருள் அலுவலகத்தில் அன்று எல்லோர் மேசையிலும் இலையில் கட்டிய அரிசிக் கொழுக்கட்டை இருந்தது. அவன் தன் பங்கைக் கூட வேலை செய்யும் மூத்தவள் பெய்ச்சுனின் மேசையில் வைத்தான்.

"நீங்க சாப்பிடுங்கக்கா. எனக்கு இறங்காது."

அவள் அதை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தாள்.

கிளினிக்குகளுக்காக அவர்கள் எழுதிய புரோகிராமில் 'நோயாளி' என்ற ஒரே பகுதிக்குள் நோயாளியின் விவரமும் இருந்தது, அவரைத் தரவுத்தளத்தில் தேடும் வேலையும் இருந்தது. சில வாரங்களுக்கு முன், ஊர் மாறிப் போனவர்கள் தான் எழுதிய பட்டியல் திரையில் தெரியக் கூடாதென்று பெய்ச்சுன் அந்தப் பொதுத் தேடலிலேயே ஒரு நிபந்தனையைச் சேர்த்தாள். ஒரே வரி. ரூஹெங் எழுதிய தடுப்பூசி நினைவூட்டலும் அதே தேடலைத்தான் கூப்பிடுகிறது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. மகன் வீட்டுக்குக் குடிபோன முதியவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குத் தடுப்பூசிச் செய்தி போகவில்லை.

புகார் வந்த காலையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. வேறொரு திருத்தத்தோடு சேர்த்து அந்த வரியைச் சத்தமில்லாமல் எடுத்தாள். பிறகு தேடிய யாருக்கும் கோளாறு அகப்படவில்லை. நினைவூட்டலை எழுதியவன் என்பதால் பழி ரூஹெங் மேல் விழுந்தது.

மேலாளர் ஹுவாங், சர்வர் மேலிருந்த பச்சைத் தின்பண்டப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். அது மேலே இருந்தால் இயந்திரம் சமர்த்தாக ஓடும் என்பது அங்கத்திய நம்பிக்கை. தேதி தாண்டக் கூடாது. மாற்றுவது ரூஹெங்கின் முறை.

"தேதி போயி ஒரு மாசமாச்சு. பொட்டலத்தையே பாக்காதவன் புரோகிராமை எங்கடா பாக்கப்போற?"

எல்லோரும் சிரித்தார்கள். பெய்ச்சுனும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் அவளுக்கு உடம்பு கூசும். ரூஹெங் கிளினிக் கிளினிக்காகப் போய்த் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டான். மூன்றாம் வாரம் விலகல் கடிதம் கொடுத்தான்.

அவன் போன பிறகு அவள் நாலு மாதம் உட்கார்ந்து தேடல்களை எல்லாம் பிரித்தெடுத்தாள். 'நோயாளி' தன் விவரத்தை மட்டும் வைத்துக்கொண்டது. தேடுவதற்குத் தனிப் பகுதி, அதிலும் திரைக்கு ஒரு தேடல், நினைவூட்டலுக்கு வேறொன்று. ஒன்றில் கைவைத்தால் மற்றது அசையாது. ஆண்டிறுதி விருந்தில் ஹுவாங் அதைப் பாராட்டி அவளை மேடையேற்றினார். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் மைக்கை வாங்கினாள். "எல்லாருக்கும் நன்றி" என்பது மட்டும்தான் வந்தது.

இரண்டு வருடம் கழித்து ரூஹெங்கிடமிருந்து செய்தி வந்தது.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? தேடலைத் தனியாப் பிரிச்சீங்களே, அதைப் பத்தி என் புது ஆபீஸ்லயும் பேசுறாங்க. எங்க டீமுக்கு ஒருநாள் வந்து சொல்லித் தருவீங்களா? அன்னிக்கு நான் அப்படி எழுதியிருந்தா அந்தப் பெரியவங்களுக்கு ஊசி தவறியிருக்காது. எந்த இடத்துல தப்பு பண்ணேன்னு எனக்கு இன்னும் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லுங்கக்கா."