ரங்கம்மாவின் கடிதம்

தொண்ணூறுகளில் புனேயில், வாராவாரம் வானொலியில் தமிழ் நேயர் விருப்பம் நடத்தினேன். நேரம் பத்தாது. கடிதங்களில் பெயரையும் ஊரையும் மட்டும் வாசித்துப் பாட்டைப் போட்டுவிடுவேன்.

போசரி ரங்கம்மா தவறாமல் எழுதுவார்: "கோவிச்சுக்கிட்டுப் போன என் மகன் சேகருக்காக இந்தப் பாட்டு. வீட்டுக்கு வாப்பான்னு சொல்லுங்க." ஒருநாளும் நான் அதைச் சொன்னதில்லை.

சில வருஷம் கழித்து, கசார்வாடிப் பட்டறையில் என் ஸ்கூட்டரைப் பழுதுபார்த்த மெக்கானிக், குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ரேடியோ சார்தானே? நான் சேகர். எங்கம்மா ரங்கம்மா பேரு வாராவாரம் வரும். எனக்குன்னு ஒரு வார்த்தை வருமான்னு காத்துக்கிட்டே இருப்பேன். வரல. அவங்க சாவுக்குத்தான் வீட்டுக்குப் போனேன்."

வண்டியைத் துடைத்தபடியே கேட்டார்: "அம்மா வேற ஏதாவது எழுதுவாங்களா சார்?"

"இல்லையே" என்றேன்.

வானொலியில் நேரம் பத்தவில்லை, சரி. அன்றைக்குப் பட்டறையில் எனக்கு எவ்வளவோ நேரம் இருந்தது.