பக்தி வரிசையில் வைக்கப்பட்ட என் காதல் ஆல்பம்

தொண்ணூறுகளின் கடைசியில், இருபத்து மூன்று வயதில், நானே எழுதி, மெட்டமைத்து, பாடிய எட்டுப் பாட்டுகளை ஒரு கேசட்டாக வெளியிட்டேன். எட்டும் காதல் தோல்விப் பாட்டுகள். தமிழ் பாப் இசையில் ஒரு புரட்சி என்று மனதார நம்பினேன்.

ஒலிப்பதிவு தொம்மலூரில், ஒரு வீட்டு மாடியில். அங்கே கீபோர்டு வாசித்தவருக்குச் சர்ச் ஆர்கன் சத்தம்தான் பிடிக்கும். எட்டுப் பாட்டிலும் அதையே வாசித்துவிட்டார். அட்டையில் நான் வெள்ளைச் சேலையில், கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். சோகமாகத் தெரியட்டும் என்று நானாகத்தான் கண்ணை மூடிக்கொண்டேன்.

லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருமுனைக் கேசட் கடைக்குப் போய்ப் பார்த்தால், என் ஆல்பம் கிறிஸ்தவப் பக்திப் பாடல்களுக்கு நடுவில் இருந்தது.

"அண்ணா, இது பாப் ஆல்பம். லவ் சாங்ஸ்."

"அப்படியாம்மா?" என்றார் கடைக்காரர். "இங்க வச்சதாலதான் போவுது. எடுத்து அங்க வச்சா ஒருத்தரும் தொட மாட்டாங்க. சும்மா இரு."

சும்மா இருந்தேன். என் புரட்சி அந்த மட்டில் நின்றது.

இரண்டு மாதத்தில், "திரும்பி வா, கதவு திறந்தே இருக்கிறது" என்ற பாட்டை அம்மா போகும் ஜெபக் கூட்டத்தில் பாட ஆரம்பித்தார்கள். அம்மா பூரித்துப் போனார். எங்கள் சபையின் பாஸ்டர் வீட்டுக்கே வந்து, ஞாயிறு ஆராதனையில் நான் அதைப் பாட வேண்டும் என்றார்.

"ஐயா, ரெண்டாவது சரணத்துல, பஸ் ஸ்டாப்ல நீ விட்டுட்டுப் போன குடைன்னு வருதே..."

"குடைன்னா கிருபைதானேம்மா? எவ்ளோ ஆழமா எழுதியிருக்கே!"

அந்த ஞாயிறு கிட்டாரோடு முன்னால் நின்றேன். பல்லவி முடிவதற்குள் சபை முழுக்கச் சேர்ந்து பாடியது. குடை வந்த இடத்தில் சிலர் கையை உயர்த்தினார்கள். வெட்கமாக இருந்தது, பொய் சொல்வானேன், சந்தோஷமாகவும் இருந்தது. என் வரிகளை இத்தனை பேர் மனப்பாடமாகப் பாடி நான் கேட்டதே இல்லை.

ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுவில் இருந்த ஒரு ஆன்ட்டி என்னை ஓரமாக அழைத்துப் போனார். ஐம்பது வயதிருக்கும், அதுவரை என்னோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை.

"இது ஆண்டவரைப் பத்தின பாட்டு இல்லன்னு எனக்குத் தெரியும்மா," என்றார் மெல்ல.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருகிட்டயும் சொல்லாதே. நானும் ஒருத்தருக்காக அப்படிக் காத்திருந்திருக்கேன். அவரு வரல. கேசட்ட தினமும் போட்டுக் கேக்குறேன், வீட்டுல எல்லாரும் ஜெபம்னு நெனச்சுக்கிறாங்க."

வெளியே அவர் கணவர் ஸ்கூட்டரைக் கிளப்பி ஹாரன் அடித்தார். ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, எனக்குக் கையசைத்துவிட்டுப் போனார்.