ஏழு பேர் பார்த்த நாடகம்

பிள்ளைகளா, யார் யார் டி.வி. பார்க்கிறார்கள் என்று அதை நடத்துகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கும் ரொம்ப நாள் தெரியாது. போன வருஷம் மழைக்குப் பட்டாசு ஆலை வேலை நின்ற ஒரு நாள், விஸ்வநத்தத்தில் நம்ம வீட்டுக்கு ஆய்வுக் கம்பெனியிலிருந்து ஒரு பொண்ணு வந்தது.

நான் எத்தனாவது படித்தேன், வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கா, வண்டி இருக்கா என்று கேட்டது. டி.வி.க்கும் ஃபிரிட்ஜுக்கும் என்ன சம்பந்தம் என்றேன். படிப்பையும் சாமானையும் வைத்து வீடுகளை வகை பிரிப்பார்களாம். ஒவ்வொரு வகையிலும் சில வீடுகளைக் கேட்டால் போதுமாம். எட்டாவது படித்த நான் எந்த வகை என்றதற்கு மட்டும் சிரித்து மழுப்பிவிட்டது.

பிறகு ஒரு தாளைக் கொடுத்து, எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தோம் என்று ஒரு வாரம் எழுதச் சொன்னது. அப்போது உங்க அம்மா பார்த்துக்கொண்டிருந்த ஏழு மணி நாடகத்தை, பார்க்க ஆளில்லை என்று நிறுத்தப்போவதாகப் பேச்சு. நாம் அஞ்சு பேர், பக்கத்து வீட்டு அக்காமார் ரெண்டு பேர், தினமும் ஏழு பேர் பார்த்தோம். இந்தத் தாள் போனால் நாடகம் தப்பிக்கும் என்று அம்மா நம்பினாள்.

வாரம் முடிந்து வந்த பொண்ணு தாளைப் பார்த்தது. "வீட்டுலயே அஞ்சு பேரு. எல்லா நாளும் நாலுன்னு போட்டிருக்கீங்களே அண்ணே?"

எங்கள் பட்டாசு ஆலையில் ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது; சுவரிலேயே எழுதியிருக்கும். 'ஆட்கள் எத்தனை' என்று கண்டதும் கை தானாக நாலு போட்டுவிட்டது. கூடப் போட்டால் குத்தமாகிவிடுமோ என்ற பயமும்தான்.

"இது என்ன வெடிமருந்து ரூமா? டி.வி. வெடிச்சிருமாக்கும்," என்றாள் அம்மா. "யாரை வெளிய நிப்பாட்டினீக, என்னையவா?"

போன வாரத்தை ஞாபகத்திலிருந்து திருத்தினால் செல்லாது என்று பொண்ணு வேறு தாள் கொடுத்தது. இந்தத் தடவை பேனா அம்மா கையில். விளம்பரம் வந்ததும் தூங்கிவிடுகிற பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தியைச் சேர்க்கலாமா என்று கேட்டாள். "உக்காந்திருந்தா போதாதுக்கா, பார்த்திருக்கணும்," என்றது பொண்ணு. அந்த வாரம் அந்த அக்கா ஒரு நாள்கூடக் கண்ணசரவில்லை.

நாடகம் என்னவோ ரெண்டு மாசத்தில் முடிந்துபோனது. அதே நேரத்துக்கு இப்போது வேறு ஒன்று ஓடுகிறது. அக்காமார் அதற்கும் வருகிறார்கள். பிடித்துத்தான் பார்க்கிறார்களா, வந்து பழகிவிட்டதால் பார்க்கிறார்களா? அந்தத் தாளில் அதற்கு ஒரு கட்டம் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.